ஆறு மணி ரிப்போர்ட்

திருப்பதி
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பிரமிளாவும் நலம். அங்கே நீ, மாமா, நைனா மூவரும் நலமா?

திருப்பதிக்கும் சித்தூருக்கும் எழுபது கிலோமீட்டர், இதற்குப் போய் ஒரு கடிதமா என்று பிரமிளா சிரிக்கிறாள். பதினேழு வயதில் அகாடமிக்குப் போனதிலிருந்து உனக்கு எழுதிப் பழகிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் 'சரி அக்கா, வைக்கட்டுமா' ஆகிவிடுகிறது.

ஏர்பேடு பக்கத்துக் கம்பெனியில் பிளாண்ட் ஹெட்டாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. செல்போன் சார்ஜர் ஒயர் செய்கிறோம். முந்நூற்று இருபது பேர். பாதிக்கு மேல் சத்தியவேடு, பிச்சாட்டூர் பக்கத்துப் பெண்கள். ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிகிறது. எனக்கு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அவர்களுக்குத்தான் நான் ஊர்க்காரனாகத் தெரியவில்லை. 'கர்னல் சார்' என்று எழுந்து நிற்கிறார்கள். நிற்க வேண்டாம் என்றேன். 'ஓகே கர்னல் சார்' என்று சொல்லிவிட்டு நிற்கிறார்கள்.

இருபத்து மூன்று வருஷ ராணுவத்திலிருந்து இங்கே நான் கொண்டுவந்தது ஒரு பழக்கம்தான். ஆறு மணி ரிப்போர்ட். எங்கள் யூனிட்டில் சாயங்காலம் ஒவ்வொரு போஸ்டிலிருந்தும் 'ஆல் ஓகே' வந்தாக வேண்டும். ஆள் சரி, ஆயுதம் சரி என்று பொருள். வராவிட்டால் யாரும் சாப்பிட உட்கார மாட்டோம். இங்கே எட்டு லைன், எட்டு லீடர். ஆறு மணிக்குப் போர்டில் தன் லைனுக்கு நேரே 'ஆல் ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் வாரம் ஒரு வேடிக்கை. நான்காம் லைன் லீடர் ஹரிதா, பிச்சாட்டூர்ப் பெண், எழுதாமல் நின்றாள். ஒயர் முனையில் பித்தளைப் பூண் அழுத்தும் பிரஸ் மிஷின் இருக்கிறது. கை உள்ளே போனால் அதை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது இரண்டு நாளாகக் கோளாறு, மிஷின் சும்மா சும்மா நிற்கிறது என்றாள். இரண்டு நாளாகவா, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, நான் உயர்த்த மாட்டேன் என்று உனக்குத் தெரியும். அங்கேயே நின்று ஏழு உத்தரவு போட்டேன். அன்றிலிருந்து ரிப்போர்ட் கடிகாரம் மாதிரி வருகிறது.

நைனாவிடம் சொல், மகன் இன்னும் சல்யூட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான் என்று.

அன்புடன்,
கண்ணன்


சித்தூர்
20 ஜூன் 2024

தம்பி கண்ணனுக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கு எல்லாரும் நலம். உங்கள் இருவர் நலமும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். சல்யூட் வரும் இடத்தை மறுபடி படிக்கச் சொல்லிச் சிரித்தார். நம் தபால்காரர் கோவர்த்தனனுக்கும் சிரிப்புத்தான். "உங்க தம்பி ரிட்டயர் ஆயிட்டாருன்னீங்க, லெட்டர் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆவலயாம்மா?" என்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். எட்டு லைனும் தினமும் ஆல் ஓகே என்றால் உனக்கு அங்கே என்ன வேலை? எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் எல்லா பேஷண்டுக்கும் ஜுரம் இல்லை என்று வந்தால் நான் முதலில் தெர்மாமீட்டரைத்தான் மாற்றுவேன். இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்த புத்தி, கோபித்துக்கொள்ளாதே.

மாமாவுக்கு டிப்போவில் வேலை அதிகம். நைனா காலையில் மார்க்கெட் வரை நடப்பதை நிறுத்தியிருக்கிறார். வெயில்தான் காரணம். வீட்டுக்குள்ளேயே நடக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை.

பிரமிளாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
கன்னிகா


திருப்பதி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போன சனிக்கிழமை உங்களை நேரிலேயே பார்த்துவிட்டதால் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வந்த வேகத்தில் ஓடிவிட்டேன் என்று உனக்கு வருத்தம். காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் போர்டில் அறுபது நாள் ஆல் ஓகே. ஒரு நாள்கூடத் தவறவில்லை. எம்.டி.க்குத் தலைகால் புரியவில்லை. திருப்பதியில் ஒரு ஓட்டலில் நாற்பது தொழிலதிபர்களை உட்காரவைத்து என்னைப் பேசச் சொன்னார். ராணுவத்தில் கற்றதைத் தொழிலில் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஆறு மணி ரிப்போர்ட்டைச் சொன்னபோது எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சித்தூர் பக்கம் மாம்பழக்கூழ் ஃபாக்டரி வைத்திருக்கும் ஜெயபிரகாஷ் என்பவர், எங்களுக்கும் வந்து சொல்லித்தாருங்கள் என்றார். அவரைப் பார்க்கத்தான் வந்தேன். கன்சல்டன்ட் என்று பெயர். அடுத்தவர் வீட்டு அடுப்பு ஏன் புகைகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை.

கேட்க மறந்தேன். நைனா ஜன்னலோரம் உட்கார்ந்து தெலுங்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே, எப்போது கற்றுக்கொண்டார்? அந்தக் காலத்தில் புத்தூர் போகும் பஸ் போர்டையே என்னைத்தான் படிக்கச் சொல்வார். பேப்பரில் என்ன விசேஷம் என்று கேட்டேன். "வந்துட்டியா கண்ணா, இன்னா துன்ன?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

விநாயகர் சதுர்த்திக்கு வரட்டுமா?

அன்புடன்,
கண்ணன்


சித்தூர்
17 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம்.

அது மாமாவுக்கு வரும் பேப்பர். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, எழுத்துக் கூட்டிப் பார்க்கிறார். எழுபத்தெட்டு வயதில் ஒரு ஆசை, விட்டுவிடு.

சதுர்த்திக்கு வேண்டாம். எனக்கு டியூட்டி மாறியிருக்கிறது, மாமாவும் இருக்க மாட்டார். தீபாவளிக்குப் பார்க்கலாம்.

அக்கா


திருப்பதி
22 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

நானும் பிரமிளாவும் நலம். எழுதி எழுதிப் பழகிய வரி, கை தானாகவே எழுதிவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான்காம் லைன் பிரஸ்ஸில் நாகவேணி என்ற பெண்ணின் கை மாட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வயது. வலது கையில் இரண்டு விரல் முதல் கணுவோடு போய்விட்டது. நான் போனபோது அவள் அழவில்லை. தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என் சர்வீஸில் இதைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களெல்லாம் ஆபத்து என்று தெரிந்து வந்தவர்கள். இந்தப் பெண் சார்ஜர் ஒயர் செய்ய வந்தவள்.

மிஷினைத் திறந்து பார்த்தேன். சென்சார் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப் மேல் தூசி படிந்து கெட்டியாகியிருந்தது. குறைந்தது மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்த மூன்று மாதமும் போர்டில் ஹரிதாவின் கையெழுத்து, ஆல் ஓகே, ஆல் ஓகே.

எம்.டி.யும் எச்.ஆர். சாய்குமாரும் முடிவு செய்துவிட்டார்கள். லைன் லீடர் பொய் ரிப்போர்ட் கொடுத்தார், அதனால் விபத்து, அதனால் வேலை நீக்கம். விசாரணை அறிக்கையை நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபர் பத்து கடைசி நாள். எனக்கும் முதலில் அதுதான் நியாயமாகப் பட்டது. ராணுவத்தில் பொய் ரிப்போர்ட்டைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

ஹரிதாவைக் கூப்பிட்டேன். சென்சார் மறுபடி கெட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையை நிமிர்த்தித்தான் பேசினாள். "மொத வாரம் நான் சொன்னப்போ இன்னா ஆச்சுன்னு எல்லாரும் பாத்துக்கினுதான் சார் இருந்தாங்க." அவ்வளவுதான். அப்போது என்ன ஆகிவிட்டது? ஒரு கேள்வி கேட்டேன், சென்சாரைச் சரிசெய்தேன். யாரையும் திட்டவில்லை.

எனக்குப் பொய்யே எழுதாத ஒரே ஆள் நீதான். நீ சொல். அந்தப் பெண் செய்தது சரியா?

கண்ணன்


சித்தூர்
30 செப்டம்பர் 2024

கண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நாகவேணிக்கு இல்லாத விரல் நுனியில் வலிப்பது போல இருக்கும். மனப்பிரமை என்று யாராவது சொன்னால் அவள் நம்பக் கூடாது. அது நிஜமான வலிதான் என்று நான் சொன்னதாகச் சொல்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்குப் பொய் எழுதாத ஆள் நான் என்று எழுதியிருக்கிறாய். 2003இல் எட்டு மாதம் எழுதினேன். மொத்தம் பதினோரு கடிதம்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்த அன்றே உனக்கு நாலு பக்கம் எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். நீ லடாக்கில், லே ஊரைத் தாண்டி எங்கோ மலை உச்சியில் இருந்தாய். நாற்பது நாள் கழித்து உன் பதில் வந்தது. இரண்டு பக்கம், ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்டு. ஒன்று, உடனே வேலூருக்குக் கொண்டுபோகவும். இரண்டு, இன்னின்ன டெஸ்ட் எடுக்கவும். நாங்கள் அதில் பாதியை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தோம். ஐந்தாவது இப்படி இருந்தது: 'முதல் அறிகுறி எப்போது? நர்ஸாக இருந்தும் முன்பே ஏன் கவனிக்கவில்லை?'

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியான யோசனை. ஆனால் 'அக்கா, நீ எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி இல்லை. தேடினேன்டா. பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்த்தேன். பகலில் டியூட்டி, மற்ற நேரமெல்லாம் அம்மா. அப்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த கடிதத்தில் 'அம்மா நலம்' என்று எழுதினேன். எழுதுவது ரொம்பச் சுலபமாக இருந்தது. நீயும் சந்தோஷமாக அரைப் பக்கம் பதில் எழுதினாய். அம்மா போன மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாய். ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். பனிமலையில் இருக்கும் பிள்ளையைக் கலங்கவைக்க வேண்டாம் என்று நைனா சொன்னார் என்றேன். நைனா அப்படிச் சொல்லவே இல்லை. மகனுக்கு எழுதிவிட்டாயா என்றுதான் தினமும் கேட்பார். எழுதிவிட்டேன் என்பேன். உன் பதில்களை அவர் கண்ணில் காட்டவில்லை.

ஹரிதா செய்தது சரியில்லை. நான் செய்ததும் சரியில்லை. அம்மா உன்னைப் பார்க்காமலே போனாள், அதற்குக் கையெழுத்துப் போட்டவள் நான்.

உன் பழைய கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரிஜினலைக் கொடுக்க மனசு வரவில்லை.

கன்னிகா


திருப்பதி
17 நவம்பர் 2024

அக்காவுக்கு,

ஏழு வாரம் பதில் எழுதவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் பிரமிளாவிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

முதல் மூன்று நாள் உன்மேல் கோபம். மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு வரி வந்திருந்தால் எப்படியாவது லீவு வாங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நாலாம் நாள்தான் ஜெராக்ஸைப் பிரித்தேன். என் கையெழுத்து. இருபத்தைந்து வயதுக் கேப்டனின் அழகான கையெழுத்து. ஐந்தாவது வரியைப் படித்ததும் ஹரிதா சொன்னது புரிந்தது. அவளுக்கு ஏழு உத்தரவு போட்டேன், உனக்கு ஒன்பது.

மறுபடி அவளைப் பார்த்தேன். டேப் யார் ஒட்டியது என்று கேட்டேன். "நான்தான் சார் ஒட்டச் சொன்னேன். திரும்ப வந்து சொல்றதுக்கு டேப் ஒட்றது ஈசியா இருந்துச்சு" என்றாள். நீ எழுதிய அதே வார்த்தை. சுலபம்.

அறிக்கையில் அதையும் எழுதினேன். அதற்கு முன்னால் மற்றதை எழுதினேன். கோளாறை முதல் வாரமே சொன்னாள். பிளாண்ட் ஹெட் அவளை எல்லார் முன்னாலும் குற்றவாளியாக நிற்கவைத்தார். அதன்பின் எட்டு லீடர்களில் ஒருவர்கூட எந்தக் கோளாறையும் சொல்லவில்லை. போர்டில் ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம் இருந்தது. பொறுப்பு பிளாண்ட் ஹெட்டுடையது. சாய்குமார் படித்துவிட்டு, ஒரு பாராவை மட்டும் எடுத்துவிடுங்கள், உங்களுக்கும் நல்லது என்றார். நான் எடுக்கவில்லை. நவம்பர் முதல் தேதி வேலையை விட்டேன். ஒரு பெயர் போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது, ஹரிதாவுக்கு வார்னிங் லெட்டரோடு போயிற்று. வேலை இருக்கிறது.

கிளம்பும் முன் போர்டை அழித்து ஒரு கேள்வி மட்டும் எழுதிவைத்தேன்: 'இன்று எது சரியில்லை?' எத்தனை நாள் வைத்திருப்பார்களோ தெரியாது. நாகவேணி வீட்டுக்கும் போனேன். நீ சொன்னதைச் சொன்னேன். அவள் அம்மா தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கண்ணன்


திருப்பதி
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பொங்கல் முடிந்த கையோடு ஜெயபிரகாஷின் கூழ் ஃபாக்டரிக்கு வந்தது உனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று அறிக்கையையே கொடுத்தேன், படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். மே மாதம் மாங்காய் வருவதற்குள் எல்லா மிஷினையும் பார்த்துவைக்க வேண்டும். ஃபாக்டரி கெஸ்ட் ஹவுஸில் ஐந்து நாள் இருந்தேன்.

முதல் மூன்று நாள் எது சரியில்லை என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில். "அந்தா பாகுந்தி சார்." தெலுங்கிலும் அதே ஆல் ஓகே. நானும் விடாமல் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். நாலாம் நாள் பாய்லர் பார்க்கும் நாராயணசாமி, பிரஷர் மீட்டர் போன சீசனிலிருந்தே தப்பாகக் காட்டுகிறது என்றார். போன சீசனிலிருந்தா, ஏன் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "இத்தினி நாளா நீங்க ஒர்த்தரே இத மனசுல வச்சிக்கினு இருந்தீங்களா?" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் இன்னும் நாலு கோளாறு சொன்னார்.

அன்று மத்தியானம்தான் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். நைனா கையில் மறுபடி தெலுங்குப் பேப்பர். நீ காபி டம்ளரை அவர் விரலில் தொடவைத்துக் கொடுத்தாய். அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே உத்தரவு போட ஆரம்பித்திருப்பேன். அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன்.

என் கடிதங்களை நைனா எப்போதும் தானே படிப்பார். ஜூனிலிருந்து நீ படித்துக் காட்டுகிறாய். என்ன ஆயிற்று, அக்கா? சொல்ல முடிந்தால் சொல். நம்பர் போட மாட்டேன்.

கண்ணன்


சித்தூர்
2 பிப்ரவரி 2025

கண்ணா,

இங்கே எல்லாரும் நலம் இல்லை.

எழுதிவிட்டேன். இதற்கே அரை மணி நேரம் ஆயிற்று.

நைனாவுக்குக் கண்ணில் அழுத்தம். வலது கண் போன மார்ச்சிலேயே போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், எழுத்துத் தெரியாது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்து வலது தோளைக் கதவில் இடித்துக்கொண்டே இருந்தார். வயசு, பார்த்து நடங்க நைனா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ். தினம் முப்பது பேரைப் பார்க்கிறவள். உன் ஐந்தாவது கேள்வியை இந்தத் தடவை நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். நீ கேட்டுவிடுவாயோ என்று பயந்துதான் மறைத்தேன்.

ஜூலையில் நீ வருகிறாய் என்றதும் நானும் நைனாவும் ஒத்திகை பார்த்தோம். நாற்காலி எங்கே, நீ எந்தப் பக்கம் வருவாய் என்றெல்லாம். கையில் பேப்பர் இருந்தால் நம்புவாய் என்றது அவர் யோசனை. டீப்பாய் மேல் தமிழ், தெலுங்கு இரண்டு பேப்பரும் இருந்தன. அவர் மாமாவுடையதை எடுத்துவிட்டார். உன் எதிரில் என்னால் மாற்றவும் முடியவில்லை. நீ போனதும், "நல்லா படிச்சேனாம்மா?" என்று கேட்டார். பேப்பர் மாறிவிட்டது நைனா என்றேன். இருமல் வரும்வரை சிரித்தார். ஜனவரியில் எடுத்ததும் அதே பேப்பர்தான். நீ கவனித்ததை நானும் கவனித்தேன்.

போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத் தினமும் காலை ஆறு, மாலை ஆறு சொட்டு மருந்து. பெரிய டாக்டர்களிடமெல்லாம் காட்டியாயிற்று. உன் முதல் கடிதத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து, சாயங்காலம் சொட்டு விட்டதும் "ஆல் ஓகே" என்கிறார். கேட்டதும் மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

இதில் நீ செய்ய வேண்டியது எதுவும் இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாத செய்தியை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணா. அதனால்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அக்கா


திருப்பதி
6 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்த உடனே இரண்டு பக்கம் பதில் எழுதினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டிருக்கிறேன். பிரமிளா பார்க்கும் முன் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலச் சொட்டு மருந்தை நான் விடுகிறேன்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய வரியை இப்போது எழுதுகிறேன். பதிலை நான் வந்தபிறகு சொன்னால் போதும். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய், அக்கா?

கண்ணன்